ரத்தம் இல்லாத பாட்டில்

சிஸ்டரின் கையை அந்த லேத்துக்காரர் கதவிடுக்கில் வைத்து நசுக்கியது செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு. நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பதினொன்று ஐந்துக்குத்தான் நான் அவரிடம் அந்த ஒரு பேச்சைப் பேசியிருந்தேன்.

லேபில் ரிசல்ட் சீட்டை எழுதிக்கொண்டு பச்சைக் குழந்தைகள் வார்டுக்கு மாடியேறினேன். வழக்கமாக போனில் சொல்லிவிட்டுச் சீட்டைப் பெட்டியில் போட்டுவிடுவேன். முந்தின நாளே போனில் சொல்லியாகிவிட்டது, ஆனாலும் அன்று சீட்டோடு நானே போனேன். சிஸ்டரின் முகத்துக்கு நேராக அதை நீட்ட வேண்டும் என்று ஆசை. இரண்டு வாரத்தில் இது ஐந்தாவது குழந்தை. ஐந்தின் ரத்தத்திலும் ஒரே கிருமி. ஐந்தும் அந்தம்மாவின் வார்டு. மூன்றாவது குழந்தை போன வாரமே போய்விட்டது. ஏழாம் மாதத்திலேயே பிறந்தது, கைக்குள் அடங்குகிற அளவுதான் இருந்தது. அதற்கும் நான்தான் சீட்டு எழுதினேன்.

மாடிப்படி முடியும் இடத்தில் அந்த ஐந்தாவது குழந்தையின் அப்பா நின்றிருந்தார். லேத்துப் பட்டறையில் வேலை. விரலெல்லாம் இரும்புச் சுருள் கிழித்த பழைய தழும்பு, நகக்கண்ணில் போகாத கறுப்பு. பத்து வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை என்பது வார்டு முழுக்கத் தெரியும். நான்கு நாளாக அதே சட்டை. என் கையிலிருந்த சீட்டைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார்.

"மேடம், எங்க பிள்ளையோடதுங்களா? என்ன எழுதியிருக்கு?"

டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் சொல்லி வருகிறேன். அன்றைக்கு என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"ரத்தத்துல கிருமி இருக்கு. தாய்கிட்டேருந்து வர்ற கிருமி இல்ல. இங்க வந்த அப்புறம் ஏறினது."

"இங்க எப்படிங்க ஏறும்?"

"கை கழுவாம குத்தினா ஏறாம என்ன செய்யும்" என்றேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சிஸ்டர் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். என் கண் அங்கே போனது. அந்த அப்பாவின் கண்ணும் என் கண் போன வழியே போனது. நான் விரல் நீட்டிக் காட்டவில்லை. காட்டவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

உள்ளே போய் மேஜை மேல் இருந்த நோட்டில் கையெழுத்துக்காகக் காத்திருந்தேன். வார்டுக் கதவு இரும்புச் சட்டம் போட்டது. ஓரத்து ரப்பர் பிய்ந்து மாதக்கணக்காகிறது. அந்த ஆள் கதவைத் திறந்து நின்று சிஸ்டரைக் கூப்பிட்டார். சத்தம் போட்டுக்கூட இல்லை. பிள்ளையைப் பற்றி ஏதோ கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று சிஸ்டரும் போனார்.

"எந்தக் கையால குத்துனே?"

"எதுக்குங்க கேக்கறீங்க?"

"எந்தக் கைன்னு கேக்கறேன்."

சிஸ்டர் கையுறையோடு வலது கையைக் கொஞ்சம் தூக்கினார். அந்த ஆள் அந்த மணிக்கட்டைப் பிடித்தார். லேத்தில் ஒரு துண்டை மாட்டுகிற நிதானத்தோடு அதைக் கொண்டுபோய் நிலைச்சட்டத்தில் வைத்தார். இன்னொரு கையால் கதவை இழுத்தார். முதல் தடவை சிஸ்டர் கத்தவில்லை, வாயைத் திறந்தார், அவ்வளவுதான். சத்தம் எலும்பிலிருந்து வந்தது. இரண்டாவது தடவை கத்தினார். மூன்றாவது தடவை அவர் முழங்கால் மடங்கிக் கீழே சரிய, கை மட்டும் மேலே கதவில் மாட்டிக்கொண்டு நின்றது. கையுறை கிழியவில்லை. ரத்தம் வெளியே வர வழியில்லாமல் ரப்பர் விரல்களுக்குள்ளேயே நிறைந்து, விரல்கள் ஒவ்வொன்றாகப் பருத்தன. "கழுவு. இப்பக் கழுவு" என்றார் அந்த ஆள். வார்டில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்து, அதைக் கேட்டு அடுத்தது, அதைக் கேட்டு அடுத்தது என்று பதினாறும் அழுதன.

நான் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன். காவலாளிதான் ஓடிவந்து அவர் மண்டையில் கம்பால் போட்டார். அப்புறம் நாலு பேர் சேர்ந்து படியில் உருட்டி உருட்டி மிதித்தார்கள். வாய் கிழிந்து ஒரு பல் படியில் கிடந்தது. போலீஸ் ஜீப்பில் ஏற்றுகிற வரைக்கும் அந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசவில்லை. எந்தக் கை என்று ஏன் கேட்டார் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. பைத்தியம் என்றார்கள், குடித்திருக்கிறான் என்றார்கள். எனக்கு மட்டும் தெரியும், அந்தக் கேள்வி என் வாயிலிருந்துதான் புறப்பட்டது.

எனக்கும் சிஸ்டருக்கும் ஏன் ஆகாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிறந்து நாலு நாளான குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இருமாது, தலைவலிக்கிறது என்று சொல்லாது. பால் குடிப்பது குறையும், கொஞ்சம் துவளும். ரத்தத்தில் கிருமி ஏறியிருக்கிறதா என்று பார்க்க அதன் நூல் மாதிரி நரம்பில் ஊசியைக் குத்தி ஒரு மில்லி ரத்தம் எடுக்க வேண்டும். அதைப் பழுப்பு நிறச் சாறு ஊற்றிய சின்ன பாட்டிலில் ரப்பர் மூடி வழியாகச் செலுத்திக் கீழே எனக்கு அனுப்புவார்கள். அரை மில்லிகூட இல்லாமல் பாட்டில் வரும். சீட்டில் நேரம் இருக்காது. நான் திருப்பி அனுப்புவேன். ஒரு மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் சிஸ்டர் எழுந்து, "கீழ உக்காந்து தட்டைப் பாக்கறவங்களுக்கு என்ன தெரியும்? ஒரு நாள் மேல வந்து அந்த உசுரைக் கையில பிடிச்சுக் குத்திப் பாக்கச் சொல்லுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தலைமை டாக்டர்கூடச் சிரித்தார். அன்றிலிருந்து அந்தம்மாவின் பாட்டில் என்றால் நான் பூதக்கண்ணாடி வைத்துத்தான் குறை தேடுவேன். அற்பத்தனம்தான். இல்லை என்று சொல்லவில்லை.

என் வேலை கிருமிக்குச் சோறு போட்டு வளர்த்துக் காட்டிக்கொடுக்கிற வேலை. பாட்டிலை உடம்புச் சூட்டில் இருக்கிற பெட்டிக்குள் ஒரு நாள் வைப்பேன். மறுநாள் ரப்பர் மூடியை ஈரப் பஞ்சால் துடைத்து, ஊசியால் ஒரு சொட்டு எடுத்து, கிருமி தின்கிற கூழ் உறைந்த தட்டில் தேய்ப்பேன். அதற்கும் மறுநாள் தட்டில் ஏதாவது முளைத்திருந்தால் கண்ணாடித் துண்டில் வைத்து ஊதாச் சாயம் ஏற்றிப் பார்ப்பேன். அந்தச் சாயம் நகக்கண்ணில் ஏறினால் சோப்புக்கெல்லாம் மசியாது. கல்யாண வீட்டுக்குப் போனால் மருதாணியா என்று கேட்பார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் இதற்கெல்லாம் மெஷின் வந்துவிட்டது. எங்களுடையது பிரசவ ஆஸ்பத்திரி, மெஷின் நான்தான்.

துடைக்கிற பஞ்சை ஸ்பிரிட்டில் ஊறப்போட வேண்டும். ஸ்பிரிட் வரத்து நின்று ஒன்றரை மாதம். கேட்டால் ஸ்டோர்காரர் வரும் வரும் என்பார். அவர் கொடுத்த ஆன்டிசெப்டிக் கேனிலிருந்து ஊற்றி, தண்ணீர் கலந்து, ஒரு கண்ணாடி ஜாடியில் பஞ்சைப் போட்டு வைத்திருந்தேன். குறையக் குறைய மேலே ஊற்றிக்கொள்வேன், பஞ்சை உருட்டிப் போட்டுக்கொள்வேன். காலியானதே இல்லை. அட்சய பாத்திரம் என்று பேர் வைத்திருந்தேன்.

புதன்கிழமை காலை குழந்தை டாக்டர் லேபுக்கு இறங்கி வந்தாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். இரண்டு நாளாகத் தூங்காத முகம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, சிஸ்டருக்கு ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. சுண்டு விரலும் மோதிர விரலும்."

கையில் இருந்த தட்டை மூடினேன்.

"அந்த ஆளோட குழந்தை இருக்கு இல்ல. கிருமி இருக்குன்னு உங்க சீட்டு சொல்லுது. குழந்தையைப் பாத்தா அப்படித் தெரியல. சூடு ஒரு நாளோட போச்சு. பால் குடிக்குது, காலை உதைக்குது. ஆனா திங்கக்கிழமை நீங்க போன்ல சொன்னதும் அந்தப் பெரிய மருந்தை ஆரம்பிச்சேன். இந்தக் கிருமிக்குக் கேக்கறது அது ஒண்ணுதான். அது கிட்னியை அடிக்கும். நேத்துலேருந்து ஒண்ணுக்குப் போறது குறைஞ்சுக்கிட்டே வருது."

"அப்ப நிறுத்திடுங்களேன் டாக்டர்."

"ரத்தத்துல கிருமின்னு எழுத்துல இருக்கும்போது எப்படி நிறுத்தறது? நிறுத்தி ஏதாவது ஆச்சுன்னா? மூணாவது குழந்தை என் கையிலதான் போச்சு." கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். "எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிங்க அக்கா. வார்டைப் பூராவும் தேடுங்க."

தேடினேன். அத்தனை வெறியோடு நான் எந்த வேலையையும் செய்ததில்லை. சிஸ்டரின் விரல் போனதைக் கேட்ட நிமிஷத்திலிருந்து எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும்: நான் சொன்னது உண்மையாக இருக்க வேண்டும். அந்தக் கையிலிருந்துதான் வந்தது என்று ஒரு தட்டு சாட்சி சொல்லிவிட்டால் போதும், என் நெஞ்சில் ஏறிய பாரம் இறங்கிவிடும். குழாய் வாய், கழுவுகிற தொட்டி, சோப்பு, குழந்தைகளைக் கிடத்துகிற சூட்டு மேடை, பால் ஊட்டும் கிண்ணம், தராசு, மருந்து வண்டியின் கைப்பிடி எல்லாவற்றிலும் குச்சியால் துடைத்து எடுத்தேன். செவ்வாய்க்கிழமை சிஸ்டரின் கையிலிருந்து கத்தரித்து எடுத்த கையுறை வார்டு டிரேயில் கிடந்தது. அதைக் கவரில் போட்டு அன்றைக்கே எடுத்து வைத்திருந்தேன். உறைந்த ரத்தத்தோடு ஒட்டிக் கிடந்த அந்த ரப்பர் விரல்களையும் பிரித்துத் துடைத்தேன். என்ன பெண் நான் என்று எனக்கே தோன்றியது. ஆனாலும் விடவில்லை.

கடைசியாக ஒரு யோசனை வந்தது. வார்டு அலமாரியில் வைத்திருக்கும் புது பாட்டில்களை அவர்கள் ஈரக் கையால் தொட்டுத் தொட்டே கெடுத்திருப்பார்களோ? அலமாரியிலிருந்து உபயோகிக்காத பாட்டில் இரண்டு எடுத்து வந்து, ஒன்றைக் கையில் எடுத்தேன். ஒரு சொட்டு ரத்தம் போகாத பாட்டில். ஒரு நாள் சூட்டில் வைப்பதைத் தவிர, மற்ற பாட்டில்களுக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்தேன். மூடியைப் பஞ்சால் துடைத்தேன், ஊசியால் ஒரு சொட்டு எடுத்தேன், தட்டில் தேய்த்தேன். பதினெட்டாவது தட்டு என்று எண் போட்டுப் பெட்டிக்குள் வைத்தேன்.

வியாழக்கிழமை காலை வழக்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்ப் பெட்டியைத் திறந்தேன். முதல் தட்டு சுத்தம். இரண்டு சுத்தம். குழாய் சுத்தம், தொட்டி சுத்தம். கையுறை சுத்தம். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மறைத்துப் பிரயோஜனமில்லை, நிஜமாகவே ஏமாற்றமாக இருந்தது. பதினேழு தட்டும் கழுவிவிட்ட மாதிரி இருந்தன.

பதினெட்டாவதில் முளைத்திருந்தது. சாம்பல் பூத்த ஈரப் பொட்டுகள், முகர்ந்தால் மக்கின மண் வாசம். இரண்டு வாரமாக ஐந்து தட்டில் பார்த்த அதே முகம். இனி சாயம் ஏற்றிப் பார்க்கக்கூடத் தேவையில்லை. பிள்ளையே இல்லாத பாட்டிலுக்குக் காய்ச்சல் வந்திருந்தது.

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. மாட்டிக்கொண்டார்கள், வார்டு அலமாரிதான், புது பாட்டிலே கெட்டுவிட்டது என்று எழுந்து போனை எடுக்கப் போனேன். போகிற போக்கில் அதே அலமாரியிலிருந்து வந்த, நான் தொடாத அந்த இன்னொரு பாட்டிலைப் பார்த்தேன். சாறு கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. கெட்ட பாட்டில் கலங்கியிருக்க வேண்டும். நான் சோதித்த பாட்டிலும் நேற்று ஊசியால் குத்தும்போது இப்படித் தெளிவாகத்தான் இருந்தது. அப்படியென்றால் கிருமி பாட்டிலுக்குள் இல்லை. மூடியில் இருந்திருக்கிறது. மூடியைத் துடைத்தது நான். துடைத்த பஞ்சு மேஜை ஓரத்தில், கைக்கெட்டும் தூரத்தில், ஜாடியில் இருந்தது.

ஜாடிக்குள் விரலை விட்டேன். உள்சுவர் வழவழவென்று பாசி பிடித்த மாதிரி இருந்தது. மேலே இருக்கிற பஞ்சு காய்ந்திருக்கும், அடியில் இருப்பதுதான் சொட்டச் சொட்ட வரும். ஆன்டிசெப்டிக்கிலேயே ஜம்மென்று குடித்தனம் நடத்துகிற கிருமி உண்டு என்று படிக்கும்போதே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நீர்த்துப்போன மருந்தைக் கழுவாத ஜாடியில் மேலே மேலே ஊற்றினால் அதற்கு அது வீடு. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அடியிலிருந்து ஈரப் பஞ்சு வந்த நாளெல்லாம் நான் மூடியில் கிருமியைப் பூசி, ஊசியால் அதைக் குத்தி எடுத்து, குழந்தையின் ரத்தத்தில் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர்களைப் பற்றிச் சொல்வார்கள். நான் விஷத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் பாம்பு தேடியிருக்கிறேன். என் வாயிலேயே அடித்துக்கொண்டேன். பேச்சுக்குச் சொல்லவில்லை. இரண்டு தடவை, பல் உதட்டில் பதிகிற மாதிரி.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. ஜாடித் தண்ணீரில் கொஞ்சம் தட்டில் தேய்த்து வைத்தேன், நாளைக்கு அதுவும் முளைக்கும் என்று தெரிந்தே. கதவு திறந்து ஸ்டோர்காரர் வந்தார். தோளில் ஸ்பிரிட் கேன். "வந்துருச்சும்மா, வந்துருச்சு. இனி என்னைத் திட்டாதீங்க" என்று இறக்கி வைத்தார். அப்புறம் என் முகத்தையும் பதினெட்டாவது தட்டையும் ஜாடியையும் பார்த்தார். முப்பது வருஷமாக லேபுக்குச் சாமான் கொடுக்கிற ஆள், படிக்காவிட்டாலும் கெட்டிக்காரர். நான் இரண்டு வார்த்தை சொன்னதும் மிச்சம் அவருக்கே புரிந்துவிட்டது.

"யாருக்காவது சொன்னீங்களா?"

"இன்னும் இல்ல."

"கழுவிக் கவுத்து வெச்சுடுங்க. இன்னைலேருந்து ஸ்பிரிட். அடுத்த வாரத்துலேருந்து கிருமி வராது. வார்டைக் கழுவிவிட்டாங்க, போயிருச்சுன்னு நெனச்சுக்குவாங்க. கழுவின பாத்திரம் சாட்சி சொல்லாதும்மா."

நல்லவள் மாதிரி நடிக்க மாட்டேன். ஜாடியை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனேன். குழாயைத் திறந்தேன். தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில் விழுந்துகொண்டிருந்தது. சுவரில் மணி பதினொன்று நாற்பது. பன்னிரண்டு மணிக்குக் குழந்தைக்கு அடுத்த ஊசி. அப்போதுதான் அது தலையில் ஏறியது. ஜாடியைக் கழுவலாம், சீட்டை எப்படிக் கழுவுவது? புதிதாக வருகிற குழந்தைகள் தப்பித்துவிடும். மேலே கிடக்கிற குழந்தைக்கு நான் எழுதிக்கொடுத்தது எழுதிக்கொடுத்ததுதான். பத்து நாள் அந்த மருந்து ஓடும். சந்தேகமாக இருக்கிறது, இன்னொரு முறை ரத்தம் எடுங்கள் என்று நழுவினால்கூட முடிவு வர இரண்டு நாள், நாலு ஊசி. அது தாங்குமா?

குழாயை மூடினேன்.

"எங்க போறீங்க?" ஸ்டோர்காரர் கதவை மறைத்து நின்றார். "என் தலையும் சேந்து உருளும் தெரியுமில்ல. ஸ்பிரிட் ஏன் வாங்கலன்னு கேப்பாங்க. எனக்கு ரிட்டையர் ஆக எட்டு மாசம் இருக்கு."

"வழி விடுங்கண்ணே."

ஜாடியைப் பிடுங்கினார். நான் விடவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். அந்த ஈரம் எங்கள் இரண்டு பேர் கையிலும் வழிந்தது. அண்ணே என்று கூப்பிட்ட வாய் மூடுவதற்குள் முழங்கையால் அவர் மூக்கில் ஒன்று வைத்தேன். ரத்தம் கொட்டியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்தபோது அவரைத் தாண்டிப் போனேன். ஒரு கையில் ஜாடி, ஒரு கையில் பதினெட்டாவது தட்டு. அந்த மாடிப்படியில் இன்னும் கறை இருந்தது.

வார்டில் புதிதாக வந்த நர்ஸ் மருந்தை ஊசியில் ஏற்றி வைத்திருந்தாள். குழந்தையின் முகம் கொஞ்சம் ஊதியிருந்தது. இடுப்பில் கட்டியிருந்த துணி காலையிலிருந்து மாற்றாமல் காய்ந்தபடியே இருந்தது. பக்கத்தில் அதன் அம்மா, வயிற்றைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புருஷனைப் போலீஸ் அடித்ததா என்று கேட்கவும் அவளுக்கு ஆளில்லை. டாக்டர் நின்றுகொண்டிருந்தாள்.

"போடாதீங்க" என்றேன். "அது என் ஜாடி. குழந்தைகிட்ட ஒண்ணும் இல்ல. அஞ்சுமே என் ஜாடி."

ஒரு மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சு, மூடி, ரத்தமில்லாத பாட்டில். டாக்டர் தட்டை வாங்கிப் பார்த்தாள். திறந்து முகர்ந்தாள். அப்புறம் புறங்கையால் மருந்துத் தட்டை அடித்தாள். ஊசியும் மருந்தும் கத்தரியும் சுவரில் போய் விழுந்து உடைந்தன. நர்ஸ் பின்னால் நகர்ந்தாள். டாக்டர் குனிந்து குழந்தையின் கையில் செருகியிருந்த குழாயிலிருந்து மருந்து இணைப்பைப் பிடுங்கினாள். குழந்தைக்கு வலிக்காமல்தான் செய்தாள்.

"மூணாவது குழந்தை?" என்று முகத்தைத் திருப்பாமலே கேட்டாள். "அது மருந்தால போச்சா, தானா போச்சா?"

"தெரியல டாக்டர்."

"எனக்கும் தெரியாது. இனி யாருக்கும் தெரியாது." சூட்டு மேடையின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "வெளிய போங்கக்கா. நின்னீங்கன்னா அடிச்சுடுவேன்."

நான் போகவில்லை. ஓர் அடி விழுந்தால் தேவலை என்றிருந்தது. அவள் அடிக்கவில்லை, என்னைச் சுற்றிக்கொண்டு போய் இன்னும் இரண்டு குழந்தைகளின் மருந்தை நிறுத்தச் சொன்னாள். தலைமை டாக்டருக்குப் போன் போட்டாள். மூலையிலிருந்த அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன புரிந்ததோ, "அப்ப பிள்ளைக்கு ஒண்ணும் இல்லைங்களா?" என்று என்னைத்தான் கேட்டாள். ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்றேன். கிட்னியைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சிஸ்டரின் வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஊழியர் குடியிருப்பில் கீழ்த் தளம். கதவு திறந்துதான் இருந்தது. முழங்கை வரை மாவுக்கட்டு, தலையணை மேல் கையைத் தூக்கி வைத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கட்டின் நுனியில் மூன்று விரல்கள் வீங்கித் தெரிந்தன.

"வாங்க" என்றார். "கிருமி தேடி இங்கயும் வந்துட்டீங்களா?"

"இல்ல சிஸ்டர். கிடைச்சுருச்சு."

"எங்க?"

"என்கிட்ட."

உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. ஜாடியைச் சொன்னேன். அது சுலபம். அப்புறம் மாடிப்படியில் நான் பேசியதைச் சொன்னேன். கை கழுவாமல் குத்தினால் என்று சொன்னது, என் கண் போன வழி, எல்லாமே. சொல்லி முடிக்கிறவரை சிஸ்டர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவத்தின் வாயைப் பழி அப்படிப் பார்த்ததை நான் தாங்கிக்கொண்டு நின்றேன்.

"ரெண்டு நாளா யோசிச்சுக்கிட்டே இருக்கேன்" என்றார் கடைசியில். குரல் உயரவில்லை. "அன்னைக்குக் கழுவினேனா, கழுவலையான்னு. ஒவ்வொரு குழந்தையா நினைச்சுப் பாக்கறேன். மூணாவது குழந்தைக்குக் குத்தும்போது கழுவினேனான்னு. விரல் போச்சு, சரி, நம்ம கையாலதான் அந்தப் பிள்ளை போச்சோன்னு. மயக்க மருந்து தெளிஞ்சதும் நான் முதல்ல கேட்டது என்ன தெரியுமா? நான் கழுவினேன்தானேன்னு. யாரும் பதில் சொல்லல."

"கழுவினீங்க சிஸ்டர்."

அவர் அழவில்லை. மேஜையில் தண்ணீர் டம்ளர் இருந்தது. இடது கையால் அதை எடுத்து என் மேல் எறிந்தார். பழக்கமில்லாத கை, குறி தவறிச் சுவரில் பட்டு உருண்டது. இன்னொன்று எடுக்க எதுவும் பக்கத்தில் இல்லை. நானே அந்த டம்ளரைப் பொறுக்கி மேஜை மேல் வைத்தேன். மறுபடி எறியட்டும் என்றுதான் வைத்தேன். அவர் எறியவில்லை.

"அவன் எங்க இப்போ?"

"நேத்து சாயங்காலம் ஜாமீன்ல விட்டுட்டாங்களாம். கேட்டுக்கு வெளிய நிக்கிறார். உள்ள விட மாட்டேங்கிறாங்க."

"அவனுக்குத் தெரியுமா?"

"இல்ல. போலீஸ்ல எழுதிக் கொடுத்துடறேன் சிஸ்டர். தலைமை டாக்டர்கிட்டயும்."

"எழுதறதெல்லாம் அப்புறம் எழுது." முதல் தடவையாக என்னை நீ என்றார். "எழுதித்தானே இத்தனையும் ஆச்சு. எனக்கு நேரா வந்து சொன்னே இல்ல, அதே மாதிரி அவனுக்கு நேராப் போய்ச் சொல்லு. எந்தக் கைன்னு கேப்பான்."

ஆஸ்பத்திரியின் பெரிய கேட் பூட்டித்தான் இருக்கும். பக்கத்தில் ஆள் நுழைகிற சின்ன இரும்புக் கேட். மத்தியான வெயில். காவலாளி சாப்பாட்டுக்கு உள்ளே போயிருந்தார். அந்த ஆள் சின்ன கேட்டுக்கு வெளியே, நிழலே இல்லாத இடத்தில் நின்றிருந்தார். மண்டையில் கட்டு, கிழிந்த உதடு கறுத்துப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் கேட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். என் மேல் அவருக்குக் கோபமே இல்லை. உண்மையைச் சொன்னவள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், பிள்ளை ஒண்ணுக்கே போகலைன்னு சொன்னாங்க. இப்பப் போச்சுங்களா?"

"இன்னும் இல்ல. மருந்தை நிறுத்திட்டாங்க. போகும்னு டாக்டர் சொல்றாங்க."

"ஏன் நிறுத்தினாங்க?"

சொன்னேன். பாட்டில், மூடி, பஞ்சு எதுவும் அவருக்குப் புரிய வேண்டியதில்லை. "உங்க பிள்ளை ரத்தத்துல கிருமியே இல்ல. அழுக்கு என் ஜாடியில இருந்துச்சு. அந்த சிஸ்டர் கழுவினாங்க. நான்தான் கழுவல. உங்ககிட்ட நான் சொன்னது பொய். பொய்னு தெரியாம சொன்னேன், ஆனா அவங்க மேல இருந்த கடுப்புல சொன்னேன்."

கேட்டுக்கொண்டே அவர் தன் கைகளைத்தான் பார்த்தார். கேட் கம்பியைப் பிடித்திருந்த கையை விரித்து உள்ளங்கையைப் பார்த்தார், மறுபடி கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தம்மாவுக்கு எத்தனை விரல் போச்சு?"

"ரெண்டு."

தெருவில் ஒரு லாரி போனது. மாடியில் ஏதோ ஒரு குழந்தை அழுவது கேட்டது. இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தோம். அவருடையதா, வேறா என்று தெரியவில்லை.

"எந்தக் கைங்க?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார்.

வலது கையைத் தூக்கிக் காட்டினேன். நகக்கண்ணெல்லாம் ஊதாச் சாயம். சின்ன கேட்டைக் கொஞ்சம் திறந்து, அது வந்து மூடுகிற இரும்புத் தூணில் அந்தக் கை விரல்களை விரித்து வைத்தேன். வெயிலில் தூண் சுட்டது. அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டின் மேலிருந்த கையை அவர் எடுக்கவில்லை.